மூன்று சுற்றில் நின்ற நட்டு

கோவில்பட்டி பைபாஸ் சர்வீஸ் ரோட்டில், பருத்திக் குடோனை ஒட்டி ஒரு டயர்க் கடை இருக்கிறது. வீல் அலைன்மென்ட், பேலன்சிங், பஞ்சர் என்று போர்டில் எழுதி, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் முகம்மது ரபீக் என்று பெயரும் போட்டிருக்கும். ஆனால் ரபீக்கைத் தேடிப் போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். சேலைக்கு மேலே காக்கிச் சட்டையை மாட்டி, முந்தானையைத் தலையோடு சுற்றி இறுக்கிச் சொருகிக்கொண்டு, ஜாக்கிக்குப் பக்கத்தில் குத்தவைத்திருப்பாளே ஒரு பெண், அவள்தான் அங்கே சகலமும். பெயர் நூருன்னிசா. ரபீக்கின் மனைவி. மாட்டியிருக்கும் சட்டை மட்டும் ரபீக்குடையது.

ரபீக் தம்மாமுக்குப் போய்ப் பதினோரு வருஷமாகிறது. கடைக்கு ஒரு மிஷின் வாங்க வேண்டும் என்றுதான் முதலில் போனார். மிஷின் வந்தது. அப்புறம் வீட்டுக்கு மாடி என்றார். மாடியும் வந்தது. அப்புறம் மகள் தஸ்லிமாவின் படிப்பு. அவளும் திருநெல்வேலியில் ஹாஸ்டலில் சேர்ந்து, இப்போது கடைசி வருஷம் படிக்கிறாள். போவதற்கு இருந்த காரணங்களெல்லாம் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன, போவது மட்டும் தீரவில்லை. அங்கே அவருக்கு ஒரு பெரிய கார்க் கடையில் வேலை. சக்கரம் மாற்றுவது, வண்டியை உயர்த்துவது, அகலப்படுத்துவது, இதுதான் நாள் முழுக்க.

நூருன்னிசா முதலில் கடையில் சும்மா மேசைக்குப் பின்னால்தான் உட்கார்ந்தாள். வேலைக்கு வந்த ஆட்கள் ஆடிக்கு ஒருத்தன் அமாவாசைக்கு ஒருத்தன் என்று ஓடிப்போனதில், ஒரு நாள் ஸ்பேனரைக் கையில் எடுத்தாள். எடுத்தது எடுத்ததுதான், கீழே வைக்கவில்லை. இப்போது நிலைத்து நிற்பது இசக்கிதுரை ஒருத்தன். அவனுக்கும் வயது நாற்பதை நெருங்குகிறது. "அக்கா சொன்னா சரியா இருக்கும்" என்பதற்கு மேல் அவனுக்குப் பேச்சு கிடையாது, பழமொழி சொல்லுகிற நேரம் தவிர.

அவர்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. எங்கேயும் எழுதி வைத்ததில்லை, ஆனால் மீறினவர்களும் இல்லை. லீவில் வந்த மனிதனுக்கு யாரும் 'வேண்டாம்' சொல்லக் கூடாது. நாற்பது நாளோ ஐம்பது நாளோ இருந்துவிட்டுப் போகப்போகிற ஆள். கேட்டதைச் சமைத்துப் போடு, சொன்னதற்குத் தலையாட்டு, சண்டை இருந்தால் அவர் விமானம் ஏறின பிறகு தலையணையோடு போட்டுக்கொள். எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை லீவில் வந்து வீடு முழுக்கக் கிளிப்பச்சை பெயின்ட் அடித்தார். பார்க்கிறவர்களுக்குக் கண் கூசியது. "அருமையா இருக்குங்க" என்றாள் அவர் மனைவி. அவர் போன மறுவாரம் ஆள் விட்டு வெள்ளை அடித்துவிட்டாள். அடுத்த லீவில் வந்தவரிடம் மழையில் வெளுத்துப்போச்சு என்றாள். கோவில்பட்டியில் ஏது அவ்வளவு மழை? அவரும் கேட்கவில்லை.

நூருன்னிசாவும் அந்தத் தெருக்காரிதானே. ரபீக் சொன்னதற்கெல்லாம் சரி சொன்னாள். கடை வாசலைத் திருப்பி வைத்தார், சரி. பழைய வெள்ளைக் கார் ஒன்றை யாரிடமோ வாங்கி வந்து நிறுத்தினார், சரி. இதிலெல்லாம் அவளுக்கு மனத்தாங்கல் இல்லை. ஒரே ஒரு சரிதான் அவளை அரித்துத் தின்றது. ஒவ்வொரு தடவையும் கிளம்புகிற அன்று, ஷூவை மாட்டிக்கொண்டு, பெட்டியை வாசலில் வைத்துவிட்டு அவர் திரும்பிக் கேட்பார்: "போயிட்டு வரட்டுமா, நூரு?"

அவளும் உடனே, "சரி" என்பாள். சிரித்துக்கொண்டே வேறு சொல்வாள்.

போகாதீங்க என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. அந்த ஒரு சொல் அவள் தொண்டையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருந்தது. சொல்லாத சொல்லுக்கு விலையில்லை என்பார்கள். எவன் சொன்னானோ தெரியவில்லை. விலை உண்டு, அதைக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நூருன்னிசா. மத்தியானச் சாப்பாட்டை டயர்களுக்கு நடுவே தனியாகச் சாப்பிடும்போது கொடுத்தாள். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் கொடுத்தாள். சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் கொடுத்தாள்.

இந்த லீவுக்கு ரபீக் வந்து பெட்டியைத் திறந்தபோது, வழக்கமான கோடாலித் தைலம், புலி போட்ட கம்பளி, பால்பவுடர் எல்லாவற்றுக்கும் அடியில் துண்டில் சுற்றிய இரண்டு பொட்டலங்கள் இருந்தன. ஒன்று அவருடைய வெர்னியர். அளவு பார்க்கிற அந்தக் கருவியைப் போகும்போதும் வரும்போதும் விடமாட்டார். அவருடைய முதல் சம்பாத்தியத்தில் வாங்கியது, யார் கையிலும் தரமாட்டார். இன்னொரு பொட்டலம் தூக்க முடியாத கனம். பிரித்தால் பளபளவென்று நாலு அலுமினிய வட்டங்கள்.

"ஸ்பேசர்" என்றார், தங்கத்தைக் காட்டுவதுபோல்.

சக்கரத்துக்கும் அது மாட்டுகிற ஹப்புக்கும் நடுவில் வைக்கிற தகடுதான் ஸ்பேசர். வைத்தால், தகட்டின் கனத்துக்குத் தக்கபடி சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். வெள்ளைக் காரின் பின்சக்கரங்கள் கொஞ்சம் உள்ளே ஒடுங்கி நிற்பது ரபீக்குக்கு அது வந்த நாளிலிருந்தே பிடிக்கவில்லை. "வெக்கப்பட்டுக்கிட்டு நிக்கி. இத மாட்டுனா நெஞ்ச நிமித்தி நிக்கும் பாரு. மாட்டிட்டு நாம ரெண்டு பேரும் மணப்பாடு போறோம்."

மணப்பாடு என்றதும் நூருன்னிசாவுக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. கல்யாணமான மாதத்தில் பைக்கில் ஒருமுறை அந்தக் கடற்கரைக்குப் போனார்கள். மேட்டில் நின்று கடலைப் பார்த்தபோது காற்றில் அவள் முக்காடு பறந்துபோய், ரபீக் மணலில் ஓடிப் பிடித்து வந்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு லீவிலும் மணப்பாடு போகிறோம் என்ற பேச்சு உண்டு, போனதுதான் இல்லை. ஆகவே ஸ்பேசரைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, நடு ஓட்டை கொஞ்சம் பெரிசாக இருக்கிறதே என்று கண்ணில் பட்டும், "நல்லா இருக்குங்க" என்றாள்.

ஸ்பேசர் சமாச்சாரம் அவளுக்குத் தெரியாததல்ல. போன வருஷம் பசுவந்தனை மாடக்கண்ணு மகன் சக்திகுமார், வெளியூரில் எங்கேயோ அவசரத்தில் ஸ்பேசர் மாட்டிக்கொண்டு வந்து, எட்டயபுரம் ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஸ்டீயரிங் கிடுகிடுவென்று ஆடியது. ரோடு சரியில்லை என்று நினைத்து ஓட்டியிருக்கிறான். நட்டு மாட்டும் போல்ட்டுகள் ஒடிந்து, பின்சக்கரம் கழன்று, அவனை முந்திக்கொண்டு போய் மக்காச்சோளக் காட்டுக்குள் விழுந்தது. தன் சக்கரம் தன்னை ஓவர்டேக் பண்ணுவதைப் பார்த்த மனிதன் அவன். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்லா காப்பாற்றினான்.

வண்டியைக் கட்டி இழுத்துவந்து போட்டபோது நூருன்னிசா பார்த்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்பேசர். அதுவே தப்பு. நடு ஓட்டை ஹப்பில் பொருந்தாமல், பாரமெல்லாம் போல்ட்டின் தலையில். எல்லாவற்றுக்கும் மேலே, ஹப்பின் முகத்தில் காய்ந்த கரிசல் ஒரு பூச்சு. கரிசல் இருக்கிறதே, ஈரத்தில் ஒட்டினால் விடாது, காய்ந்தால் இரும்பாக இறுகிவிடும். அதன்மேல் ஸ்பேசரை வைத்து முறுக்கினால் நட்டு என்னவோ கெட்டியாகத்தான் உட்காரும். நாலு நாள் ஓட்டத்தில், ஒரு மழையில், மண் கரைந்து பொடிந்து போகும். நட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே காற்று நிற்கும். இந்தத் தப்பை நம்ம பக்கத்து ஆட்களைத் தவிர வேறு யாரும் பண்ண முடியாது. அன்றிலிருந்து அவள் கடையில் பொருந்தாத ஸ்பேசரை யார் கொண்டுவந்தாலும், எவ்வளவு கெஞ்சினாலும், மாட்டுவதில்லை.

வந்த மூன்றாம் நாள் காலையில் ரபீக் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிட்டார். இசக்கிதுரை முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்பக்கம் ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினான். ரபீக் சக்கரத்தைக் கழற்றி, ஸ்பேசரை ஹப்பில் செருகினார். அது கல்யாண வீட்டுக்கு இரவல் வாங்கிப் போட்ட வளையல் மாதிரி லொடலொடத்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பேச்சு உற்சாகத்தில் சக்கரத்தைத் தூக்கி மாட்டி, நட்டை விரலால் திருகினார்.

ஒரு சுற்று. இரண்டு. மூன்று. நின்றுவிட்டது.

நட்டு எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும். தகடு போல்ட்டின் நீளத்தைத் தின்றுவிட்டது, மிச்சமிருக்கிற மூன்று சுற்றில்தான் சக்கரம் தொங்கப்போகிறது. இசக்கிதுரை அவள் முகத்தைப் பார்த்தான். அவள் ரபீக்கைப் பார்த்தாள். ரபீக் ஸ்பேனரை எடுத்துக்கொண்டிருந்தார்.

பெயின்ட் என்றால் அவர் போன பிறகு அடித்துக்கொள்ளலாம். இது பெயின்ட் இல்லையே. இதில் ஏறித்தான் மணப்பாடு போக வேண்டும். இவர் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சும்மா சரி என்று சொன்ன பாவத்துக்கு.

"வேண்டாங்க" என்றாள்.

"என்னது?"

"மாட்ட வேண்டாம். கழத்திருங்க."

ரபீக் முதலில் சிரித்தார். "ஏட்டி, தம்மாம்ல தெனம் எத்தன வண்டிக்கு மாட்டுதேன்னு தெரியுமா? எங்கிட்டயே சொல்லுதியா?"

"அங்கன மாட்டுத வண்டி வேற. இதுல நடுவுல ஆடுது. நட்டு மூணு சுத்துல நின்னுட்டு. நீங்களே எண்ணிப் பாருங்க."

"அக்கா, நான் டீ சொல்லிட்டு வந்துருதேன்" என்று இசக்கிதுரை கிளம்பினான். டீக்கடை எதிரில்தான் இருந்தது. அவன் திரும்பி வர முக்கால் மணி நேரமாயிற்று. புத்திசாலி.

"எங்கடையில எனக்கே சட்டமா?" ரபீக்கின் குரல் தாழ்ந்திருந்தது. அவர் கோபத்தில் சத்தம் போடுவதில்லை, அதுதான் வம்பு.

"கடைக்கு வாரவியளுக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டம்னா அது என்ன கடை? யாரோ ஒருத்தரா இருந்தா வேற எங்கனயாவது போங்கன்னு அனுப்பிருவேன். உங்கள எங்க அனுப்ப?"

ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு அவர் வீட்டுக்கு நடந்துபோனார். கார் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. நூருன்னிசா அதன் பக்கத்தில் உட்கார்ந்து, நட்டையும் சக்கரத்தையும் கழற்றி வைத்தாள்.

அதற்குள் செய்தி தெருவுக்குப் போய்விட்டது. சாயங்காலம் அவள் வீட்டுப்படி ஏறும்போதே, ரபீக்கின் தங்கை ஷாஹினா அடுத்த வீட்டு வாசலில் காத்திருந்தாள். "லீவுல வந்த மனுசன்ட்ட யாராவது வேண்டாம்னு சொல்லுவாங்களா மதினி? இருக்கப் போறதே கொஞ்ச நாளு. அதுலயுமா?"

அதுதான் அவளையும் குடைந்தது. ரபீக் சாப்பிட்டார், தொழுதார், படுத்தார். கேட்டதற்கெல்லாம் 'ம்' என்றார். நாற்பது நாளில் இரண்டு நாள் அப்படியே போயிற்று. அந்த இரண்டு நாளையும் யாராவது திருப்பிக் கொடுத்தால் ஸ்பேசரோடு தன்னையும் சேர்த்து மாட்டிவிடலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் நட்டு மூன்று சுற்றில்தானே நின்றது? அது நிஜம்தானே?

சண்டைக்கு மூன்றாம் நாள் மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரத்தில், ரபீக் வந்தார். கையில் வெர்னியர். ஹப்பின் நடு மேட்டை அளந்தார். ஸ்பேசரின் ஓட்டையை அளந்தார். மறுபடி ஹப்பை அளந்தார். பிறகு டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு மில்லி பெருசு" என்றார். "இது நான் அங்கன வேல பாக்க வண்டியோட அளவு. நம்ம வண்டிக்கு எடுக்கோம்னுதான் நெனச்சு எடுத்தேன். கண்ண மூடுனா அந்த அளவுதான் கைக்கு வருது." வெர்னியரைத் துண்டில் சுற்றினார், மறுபடி பிரித்தார். "எங்கையில நம்ம ஊரு இல்ல நூரு."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தன் பக்கம் ஜெயித்ததற்கு இப்படி ஒரு துக்கம் வரும் என்று அவள் நினைக்கவில்லை. "ஆனைக்கும் அடி சறுக்கும். விடுங்க" என்றாள்.

"விடலாம். ஒண்ணு மட்டும் சொல்லு. இத வேண்டாம்னு சொன்னே. இதுக்கு முன்னாடி எதுக்கெல்லாம் மனசில்லாம எங்கிட்ட சரின்னு சொன்னே?"

சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு லோடு வேன் பஞ்சராகி உருண்டு வந்து நிற்க வேண்டுமா? "இருங்க, வந்துருதேன்" என்று ஜாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினாள். தப்பித்து ஓடினாள் என்றே சொல்லலாம். அவரும் மறுபடி கேட்கவில்லை.

ஆனால் வீட்டுக்குள் ஏதோ இளகியிருந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு கூடிப்போச்சு என்று ரபீக் சொன்னார். பதினோரு வருஷத்தில் அவரும் அவள் சமையலைக் குறை சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. லீவில் வந்த மனிதனும் இத்தனை நாள் விருந்தாளிக்கு உண்டான மரியாதையோடுதான் சாப்பிட்டிருக்கிறார். கூடின உப்புக்கு அவள் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் இருவருமாக உட்கார்ந்து சரியான ஸ்பேசருக்கு ஆர்டர் சொன்னார்கள். கோயம்புத்தூரில் ஒரு பட்டறை, அளவு கொடுத்தால் செய்து அனுப்புவார்கள். ரபீக் போனில் பேச, நூருன்னிசா பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பின்சக்கரத்துக்கு மட்டும் போதும், முன்னால் போட்டால் ஸ்டீயரிங் இழுக்கும். நடு ஓட்டை ஹப்பில் பிடித்து உட்கார வேண்டும். போல்ட் வட்டம் மயிரிழை மாறக் கூடாது. தகட்டை ஹப்போடு தனி நட்டால் இறுக்கிவிட்டு, தகட்டிலேயே இருக்கும் போல்ட்டில் சக்கரத்தை மாட்டுகிற ரகம்தான் வேண்டும். அப்போதுதான் நட்டுக்கு முழு மரையும் கிடைக்கும். அவர் அளந்ததை அவள் ஒருமுறை அளந்தாள். வெர்னியரை அவர் தாமாகவே அவள் கையில் கொடுத்தார். இசக்கிதுரை அதைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான்.

பட்டறைக்காரர் இன்று நாளை என்று இழுத்தார். அதற்குள் விருந்து, கல்யாணம், மையத்து எடுத்த ஒரு துக்க வீடு என்று நாட்கள் ஓடின. பார்சல் வந்து சேர்ந்தபோது ரபீக் கிளம்ப இரண்டு நாள்தான் இருந்தது.

"மணப்பாடு அடுத்த லீவுக்குத்தான்" என்றார் ரபீக்.

அடுத்த லீவு என்று சொல்லி வைத்தவற்றைச் சேர்த்தால் ஒரு குடோனே கட்டலாம்.

ஸ்பேசரை மாட்டின அன்று காலை முழுக்க இருவரும் ஒரே சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஹப்பின் முகத்தில் கரிசல் அப்பியிருந்தது. நூருன்னிசா கம்பி பிரஷ்ஷால் தேய்க்க, ரபீக் துணியால் துடைக்க, இரும்பின் நிறம் தெரியும்வரை விடவில்லை. தகட்டை வைத்ததும், அது இடம் தெரிந்து போய் உட்கார்ந்தது. கையால் ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. பழைய போல்ட் தகட்டுக்கு வெளியே துருத்துகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள், இல்லை. ஒன்றுக்கு எதிராக ஒன்று என்று மாற்றி மாற்றி, குறித்த அளவு வந்ததும் டக்கென்று சொல்லும் டார்க் ரென்ச்சால் இறுக்கினார் ரபீக். பிறகு சக்கரம். நட்டை விரலால் திருகும்போது இருவரும் சேர்ந்தே எண்ணினார்கள். எட்டைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டார்கள். வண்டியைத் தரையில் இறக்கிக் கடைசி இறுக்கு இறுக்கினார்கள்.

டயர் பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ரோட்டில் மறிப்பார்கள், கல்லும் தெறிக்கும். நூருன்னிசா ஒரு நூலில் நட்டைக் கட்டி மட்கார்டு விளிம்பிலிருந்து தொங்கவிட்டாள். நூல் டயரைத் தொடாமல் தொங்கியது. பின்சீட்டில் இரண்டு மூட்டையோடு இசக்கிதுரையையும் ஏற்றி, பாரத்தில் டயர் எங்கேயாவது உரசுகிறதா என்று பார்த்தார்கள்.

"அகல உழுததவிட ஆழ உழணும்பாங்க, அண்ணாச்சி" என்றான் உள்ளேயிருந்து இசக்கிதுரை.

"உழுதாச்சுல்லா, வாய மூடிட்டு எறங்கு" என்றார் ரபீக்.

வேலை முடிந்ததும் நூருன்னிசா பழக்கதோஷத்தில், வருகிறவர்களிடம் சொல்வதை அவரிடமும் சொன்னாள்: "நூறு கிலோமீட்டருக்குள்ள ஒரு தடவ நட்ட மறுபடி இறுக்கணும். கண்டிப்பா வரணும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். புது ஸ்பேசர் போட்டவர்கள் திரும்பி வராவிட்டால் அவள் போன் போட்டுக் கூப்பிடுவாள், ஏன் வரவில்லை என்று சண்டை பிடிப்பாள். ஊரில் உள்ள அத்தனை பேரையும் திரும்பி வா என்று அதட்டுகிறவளுக்கு, கட்டின மனிதனிடம் மட்டும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

வழக்கமாக டாக்சி பிடித்து உறவு சனமெல்லாம் ஏறி விமான நிலையம் போவார்கள். இந்தத் தடவை ரபீக், "நாம ரெண்டு பேரும் நம்ம வண்டியில போவோம். மணப்பாடுதான் போகல" என்றார். தஸ்லிமாவுக்குப் பரீட்சை, போனிலேயே அத்தாவுக்கு சலாம் சொல்லிவிட்டாள். காலையில் கிளம்பினார்கள். ரபீக் ஓட்டினார். சாத்தூர், விருதுநகர், திருமங்கலம். வண்டியில் ஒரு ஆட்டமில்லை, ஒரு சத்தமில்லை. காட்டில் புதிதாய் முளைத்த உளுந்தைக் காட்டி, "இந்தத் தடவ மழ பெய்யுமா?" என்று கேட்டார். "பெய்யும்" என்றாள். அவர் பார்க்கப்போவதில்லை என்பதை இருவரும் சொல்லவில்லை.

மதுரை விமான நிலையத்தில் வண்டிகள் நிற்கிற இடத்தின் ஓரத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் நிழலில் நிறுத்தினார். சக்கரம் சூடு ஆற வேண்டும், சூட்டோடு நட்டை இறுக்கக் கூடாது. எலுமிச்சைச் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். பிறகு ரபீக் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கிளம்புகிற துணிமணியோடேயே, பின்சக்கரத்தின் முன்னால் மண்டி போட்டார்.

"நான் பண்ணுதேன், விடுங்க. சட்ட அழுக்காயிரும்."

"தனியா திரும்பிப் போறது நீ. நாந்தான் பாக்கணும்."

முதல் நட்டு துளி நகர்ந்து டக்கென்றது. மற்றவை நகரவே இல்லை. மறுபக்கமும் போய்ப் பார்த்தார். எழுந்து துண்டில் கையைத் துடைத்து, ரென்ச்சை முன்சீட்டுக்குக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியை இறக்கினார். வாசல் இல்லை, படி இல்லை, ஆனாலும் திரும்பி நின்று கேட்டார்.

"போயிட்டு வரட்டுமா, நூரு?"

சரி என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பழகிய சொல் அல்லவா, தானே வரும். நூருன்னிசா பல்லைக் கடித்து அதை நிறுத்தினாள்.

"வேண்டாங்க. போகாதீங்க."

ரபீக் என்னவென்று கேட்கவில்லை. துண்டை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். "அன்னைக்கு கேட்டேன்லா, எதுக்கெல்லாம் மனசில்லாம சரின்னு சொன்னேன்னு."

"ஆமா."

"இதுதானா?"

"இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் பெயின்ட்டு."

அவர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒவ்வொரு தடவையும் நீ வேண்டாம்பேன்னுதான் கேப்பேன். நீ யோசிக்கக்கூட மாட்டே, சரின்ருவே. கட நல்லா நடக்கு, பிள்ள படிக்கா, நான் இல்லாம இவளுக்குப் பழகிப்போச்சு, நான் இங்கன இருந்து என்னத்துக்குன்னு நெனச்சுக்கிட்டே ஏறிருவேன். பிளேன்ல அழுதிருக்கேன், தெரியுமா?"

"நான் கடையில அழுதேன்."

அவள் இப்போதும் அழுதாள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் தோன்றவில்லை. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. கூட வேலை பார்க்கிறவன் இவர் போய்ச் சேர்ந்தால்தான் ஊருக்குக் கிளம்ப முடியும், அவனுக்கும் ஒரு நூருன்னிசா எங்கேயோ காத்திருப்பாள். பாதியில் ஓடி வர முடியாது என்று ரபீக் சொன்னார். "முறையா சொல்லிட்டு, வேலய கழத்தி விட்டுட்டு ஒரேயடியா வாரேன். ரெண்டு மாசம், இன்ஷா அல்லாஹ்."

வாரேன் என்பதை அவள் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். இரண்டு மாதம் இரண்டு வருஷமாக நீண்டதையும் பார்த்திருக்கிறாள். ஆனாலும் தலையாட்டினாள். அவர் பெட்டியை ஒருமுறை திறந்து மூடி, கார்க் கதவையும் திறந்து சாத்திவிட்டு, பெட்டி வைத்த தள்ளுவண்டியோடு கண்ணாடிக் கதவுக்குள் போனார். எப்போதும் திரும்பிப் பார்க்காமல் போகிறவர், அன்று நின்று பார்த்துவிட்டுப் போனார்.

திரும்பும்போது அவள் ஓட்டினாள். பக்கத்து சீட்டைப் பார்க்காமல் ஓட்டினாள். சாத்தூர் நெருங்கியதும் மனசு கேட்கவில்லை, நட்டை இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று ரோட்டோரம் ஒதுக்கினாள். பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அவர் கை கடைசியாகப் பட்ட இடம், அவ்வளவுதான். ரென்ச்சை எடுக்க சீட்டுக்குக் கீழே கைவிட்டபோது, துண்டில் சுற்றிய ஏதோ தட்டுப்பட்டது. பிரித்தாள். வெர்னியர்.

பதற்றத்தோடு போன் போட்டாள். விமானம் ஏறும் வரிசையில் நின்றிருந்தார்.

"ஏங்க, வெர்னியர மறந்து வச்சிட்டுப் போயிட்டீங்க. அங்கன அது இல்லாம எப்படி வேல பாப்பீங்க?"

"மறக்கல" என்றார் ரபீக். பின்னால் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "அங்கன ரெண்டு மாசத்துக்கு யார்ட்டயாவது கடன் வாங்கிக்கிடுதேன். அது நம்ம கடையில இருக்கட்டும். நீ எடுத்துப் பொழங்கு."

போனை வைத்துவிட்டு நூருன்னிசா ரென்ச்சை எடுத்தாள். பிறகு பின்சக்கரத்தின் முன்னால் குத்தவைத்து, இரண்டு பக்கமும் நட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. வெர்னியரைத் துண்டில் சுற்றிப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு, கடை திறக்க வேண்டுமே என்று கோவில்பட்டிக்கு ஓட்டினாள்.